அடுத்த இதழில் முடியும்

1

1810 மார்ச் 15ஆம் தேதி வெளியான 'தி ஃப்ரெண்ட்' பத்திரிகையின் 27ஆம் இதழ், மால்டா தீவின் நிர்வாகியாக இருந்த ஸர் அலெக்ஸாண்டர் பால் என்பவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்பின் நடுவே நிற்கிறது. அடுத்த இதழில் முடியும் என்று கீழே ஒரு வரி. அடுத்த இதழ் வரவில்லை. பத்திரிகையை எழுதியவர், நடத்தியவர், அதில் நஷ்டப்பட்டவர் எல்லாம் ஒருவரே: ஸாமுவல் டெய்லர் கோல்ரிட்ஜ்.

சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்த வரியின் கனம் தெரியும். நான் ஐந்து வருஷம், 2008 வரை, ஒரு காலாண்டிதழ் நடத்தினேன். காலாண்டிதழ் என்பது அட்டையில் இருந்த சொல். இருபது இதழ்கள் வந்திருக்க வேண்டும், வந்தவை ஒன்பது. மூன்று கட்டுரைகளுக்குக் கீழே 'அடுத்த இதழில் முடியும்' என்று போட்டேன். முடிந்தது ஒன்று. இதைச் சொல்லி வருத்தப்படுவதாகக் காட்டிக்கொள்ளும் பழக்கமும் எனக்கு அந்த நாட்களில் இருந்ததில்லை. காலம் தவறுவது நம் வட்டத்தில் குற்றமாகக் கருதப்படுவதில்லை. வணிகப் பத்திரிகை வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறது என்பதே அதற்கு எதிரான வாதமாக நம்மிடம் புழங்கிவந்திருக்கிறது. ஒழுங்காக வருவது ஸ்தாபனம், ஒழுங்கில்லாமல் வருவது கலை என்று ஒரு சூத்திரம். அந்தச் சூத்திரத்தின் நிழலில் நான் சௌகரியமாக இருந்தேன்.

2014ல், என் நாற்பத்தேழாவது வயதில், ஒரு மனநல மருத்துவர் இரண்டு மணி நேரம் கேள்விகள் கேட்டார். பள்ளிக்கூட ரிப்போர்ட்டுகளை வாங்கிப் பார்த்தார். என் அக்காவைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார். பிறகு எனக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. என்றார். தமிழில் இதைக் கவனக்குறைவு மிகைஇயக்கக் கோளாறு என்று எழுதுகிறார்கள். கவனக்குறைவு என்ற சொல்லைப் பாருங்கள். பஸ் கவிழ்ந்தால் டிரைவரின் கவனக்குறைவு. கணக்கு தப்பினால் குமாஸ்தாவின் கவனக்குறைவு. தமிழில் அது நோய்க்குறி ஆவதற்கு முன்பே குற்றச்சாட்டு. மருத்துவர் எனக்கு விடுதலை தரும் சொல்லாக நினைத்துக் கொடுத்ததில், என் தமிழ் வாத்தியார் என் காதைத் திருகிச் சொன்ன அதே சொல் உட்கார்ந்திருந்தது.

இந்தச் சொல்லின் சரித்திரத்தைத் தேடிப் போனபோதுதான் மறுபடி கோல்ரிட்ஜிடம் வந்து சேர்ந்தேன். இளம் வயதில் அவரைக் கற்பனை பற்றிய கொள்கைக்காகப் படித்தோம். இப்போது அவர் எப்படி வேலை செய்தார், யாரை வைத்துக்கொண்டு செய்தார், எது வந்தபோது எழுதினார், எது போனபோது நின்றார் என்பதற்காகப் படித்தேன். இந்த இரண்டாவது கோல்ரிட்ஜ் நம் விமர்சனத்தில் அதிகம் பேசப்படாதவர்.

2

1798 என்ற வருஷத்தை இங்கிலாந்தின் கவிதைச் சரித்திரத்தில் எல்லோரும் அறிவார்கள். கோல்ரிட்ஜும் வேர்ட்ஸ்வொர்த்தும் சேர்ந்து 'லிரிக்கல் பேலட்ஸ்' வெளியிட்ட வருஷம். அதே வருஷம் லண்டனில் இரண்டு பாகங்களாக இன்னொரு புத்தகமும் வெளிவந்தது. எடின்பரோவில் பிறந்த அலெக்ஸாண்டர் கிரைட்டன் என்ற மருத்துவர் மனப் பிறழ்வின் இயல்பையும் தோற்றத்தையும் ஆராய்ந்து எழுதியது. அதில் கவனத்துக்கும் அதன் நோய்களுக்கும் தனி அத்தியாயம் இருக்கிறது. சிலருக்கு ஒரு பொருளில் கவனத்தை நிலையாக நிறுத்தும் சக்தி பிறவியிலேயே குறைவாக இருக்கலாம் என்கிறார். நாய் குரைப்பதும் கதவு சாத்துவதும் அவர்களை அலைக்கழிக்கும், மனத்தில் ஓயாத பரபரப்பு இருக்கும், படிப்பில் முட்டுக்கட்டையாகும், வயது ஏறினால் பெரும்பாலும் குறையும். அவருக்கு முன்பே, 1775ல், ஜெர்மானிய மருத்துவர் வைகார்ட் கவனமின்மைக்கு ஓர் அத்தியாயம் எழுதி, குளிர்ந்த நீர்க் குளியல், புளித்த பால், குதிரைச் சவாரி என்று சிகிச்சையும் சொல்லியிருக்கிறார். இன்றைய பெயருக்கு இருநூறு வருஷம் முன்பே, இதை உடலோடு சம்பந்தப்பட்டதாகப் பார்த்த கண்கள் இருந்தன.

அந்த 1798 ஜனவரியில்தான், பத்தொன்பது வயது வில்லியம் ஹாஸ்லிட் முதன்முதலாகக் கோல்ரிட்ஜைச் சந்தித்தார். ஷ்ரூஸ்பரியில் பிரசங்கம் செய்ய வந்தவர் ஹாஸ்லிட்டின் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பும்போது, இளைஞர் ஆறு மைல் தூரம் கூடவே நடந்துபோனார். கோல்ரிட்ஜ் பேசிக்கொண்டே நடந்தார். நடைபாதையின் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மாறி மாறிக் குறுக்கே வந்துகொண்டிருந்தார். இது விசித்திரமாகப் பட்டது, ஆனால் இதை மனத்தின் நிலையின்மையோடு அப்போது சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை, பிற்பாடு பார்த்தேன் என்று ஹாஸ்லிட் 1823ல் எழுதுகிறார். கிரைட்டன் தள்ளி நின்று எழுதியதை ஹாஸ்லிட் பக்கத்தில் நடந்து பார்த்தார். ஆனால் மருத்துவர் உடலின் இயல்பு என்று கண்ட இடத்தில், விமர்சகர் கொள்கைப் பிடிப்பின் குறையைக் கண்டார். இரண்டு பார்வைகளும் ஒரே வருஷத்தின் அனுபவத்திலிருந்து கிளம்பியவை. ஜெயித்தது விமர்சகரின் பார்வை.

கோல்ரிட்ஜே அந்தப் பக்கம்தான் இருந்தார். 1814ல் நண்பர் ஜான் மார்கனுக்கு எழுதிய கடிதத்தில் தன் அறிவில் பழுதில்லை, இச்சாசக்தியில்தான் பிறழ்வு என்கிறார். அபினி அவரை ஆட்டிவைத்த காலம் அது. ஆனால் அந்த வாக்கியம் அபினியைத் தாண்டியும் போகிறது. என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். செய்ய விருப்பமும் இருக்கும். விருப்பத்துக்கும் கைக்கும் நடுவே ஏதோ ஒன்று அறுந்திருக்கும். இதை அனுபவிக்காதவர்களுக்கு விளங்கவைப்பது கடினம்.

3

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். இறந்தவர்களுக்கு மருந்துச்சீட்டு எழுதுவது இப்போது ஒரு மோஸ்தர். லியனார்டோ டா வின்சிக்கு ஏ.டி.எச்.டி. இருந்திருக்கலாம் என்று 2019ல் 'பிரெய்ன்' என்ற மருத்துவ ஆய்விதழிலேயே கட்டுரை வந்தது. நான் கோல்ரிட்ஜுக்கு அப்படி எதையும் நிரூபிக்கப் போவதில்லை. திராவக அபினி அவருடைய நாட்களைத் தின்றது, வீடு தின்றது, காதல் தின்றது. எது எதனால் என்று இன்று பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் ஆகாது. மேதைமையோடு இந்தக் கோளாறை முடிச்சுப் போடும் ஆறுதலிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. முடிக்காத ஓவியத்தோடு இருந்த ஒரு லியனார்டோவுக்குப் பின்னால், முடிக்காத ஓவியம்கூட இல்லாத ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள்.

எனக்கு வேண்டியது நோய் இருந்ததா என்பதல்ல. கோல்ரிட்ஜின் வாழ்க்கை, கடிதங்களாலும் நாட்குறிப்புகளாலும் அபூர்வமான அளவுக்குப் பதிவானது. ஒரு மனிதனால் தன் காலத்தைத் தானே தாங்கிக்கொள்ள முடியாமல் போகும்போது, அதை வேறு யாரெல்லாம் எப்படியெல்லாம் தாங்குகிறார்கள் என்பது அந்தப் பதிவில் தேதிவாரியாக இருக்கிறது. அது ஏற்பாடுகளின் சரித்திரம்.

4

கோல்ரிட்ஜ் பெரிய தொடக்கக்காரர். 1793 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் படிப்பை விட்டு ஓடி, பொய்ப் பெயரில் குதிரைப்படையில் சேர்ந்தார். சில மாதங்களில் புத்தி சுவாதீனமில்லாதவர் என்று காரணம் எழுதி விடுவித்தார்கள். 1794ல் ராபர்ட் ஸௌத்தியோடு சேர்ந்து, அமெரிக்காவில் ஸஸ்குவெஹானா ஆற்றங்கரையில் பன்னிரண்டு தம்பதிகள் சொத்துரிமையில்லாமல் வாழும் சமூகம் ஒன்றைத் திட்டமிட்டார். 1795ல் அது கலைந்தது. மிச்சமாக நின்றது, திட்டத்தின் உற்சாகத்தில் செய்துகொண்ட ஒரு கல்யாணம். அதே வருஷம் பிரிஸ்டலில், ஸௌத்தியின் சொற்பொழிவு வரிசையில் ரோமப் பேரரசு பற்றிய ஒன்றைத் தான் பேசுவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த மாலை போகவே இல்லை. கூட்டம் காத்திருந்து கலைந்தது. பின்னால் நடந்த சண்டையைப் பதிப்பாளர் காட்டில் எழுதிவைத்திருக்கிறார்.

இத்தகைய மனிதர்களிடம் ஒரு விதமான தலைமைப் பண்பு இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. அவர்கள் பேசினால் ஆட்கள் சேருகிறார்கள். 1796 தொடக்கத்தில் 'தி வாட்ச்மேன்' என்ற பத்திரிகைக்காக பர்மிங்ஹாம், டெர்பி, ஷெஃபீல்டு என்று ஊர் ஊராகப் போய்ச் சந்தா சேர்த்தார் கோல்ரிட்ஜ். இல்லாத ஒன்றை இருப்பதுபோல் காட்டும் சக்தி அது. கவிதைக்கும் திட்டத்துக்கும் பொதுவானது. ஆனால் தலைவனின் உற்சாகம் மற்றவர்களின் வேலைப்பட்டியலாக மாறும் தருணம் ஒன்று உண்டு. அவன் சொன்ன தேதியை நம்பி இன்னொருவர் காகிதம் வாங்குகிறார், அச்சாபீஸில் ஆள் காத்திருக்கிறார், ஒருவர் லீவு போடுகிறார். அந்தத் தருணத்திலிருந்து அவன் அங்கே இருப்பதில்லை.

இருந்தாலும் 'தி வாட்ச்மேன்' என் வாதத்துக்கு ஒரு இடைஞ்சல். நாளிதழ் முத்திரை வரியைத் தவிர்க்க எட்டு நாளைக்கொரு முறை வெளியிட்ட அந்தப் பத்திரிகை, மார்ச் 1லிருந்து மே 13வரை பத்து இதழ்களும் ஏறக்குறையச் சொன்ன தேதிக்கே வந்தது. நின்றதற்குக் காரணம் பணம். இந்தக் கோல்ரிட்ஜால் தேதியைக் காப்பாற்ற முடிந்திருக்கிறது. பதின்மூன்று வருஷம் கழித்து, 'தி ஃப்ரெண்ட்' இதழில் முடியவில்லை. 1809 ஜூன் 1 முதல் இதழ். ஜூன் 8 இரண்டாம் இதழ். வாரப் பத்திரிகையான அதன் மூன்றாம் இதழ் ஆகஸ்டு 10ல் வந்தது. நான்காவது செப்டம்பர் 7ல். நடுவில் என்ன மாறியது? வயதும் அபினியும் என்பது வழக்கமான பதில், சரியான பதிலும்கூட. ஆனால் பத்திரிகை நடத்தியவன் என்ற முறையில் எனக்கு வேறொன்றும் படுகிறது. 'தி வாட்ச்மேன்' பிரிஸ்டலில் எழுதி பிரிஸ்டலிலேயே அச்சானது. அச்சகத்துக்காரர் கூப்பிடு தூரத்தில் இருந்தார். 'தி ஃப்ரெண்ட்' கிராஸ்மியரில், வேர்ட்ஸ்வொர்த்தின் வீட்டில் எழுதப்பட்டு, மலைக்கு அந்தப் பக்கம் பென்ரித்தில் அச்சானது. முத்திரையிட்ட காகிதம் லண்டனிலிருந்து வர வேண்டும். காகிதம் வந்தால் மேட்டர் இல்லை. மேட்டர் இருந்தால் காகிதம் இல்லை. கடைசித் தேதி என்பது கதவைத் தட்டும் ஒரு ஆளாக இருந்தவரை கோல்ரிட்ஜ் எழுதினார். அது மலைக்கு அப்பால் ஒரு கருத்தாக ஆனபோது எழுத முடியவில்லை. இது என் ஊகம்தான்.

ஆனால் ஊகத்துக்கு ஆதாரம்போல் நடுவில் ஒரு வருஷம் இருக்கிறது. 1805 ஜனவரியிலிருந்து செப்டம்பர்வரை மால்டாவில் அலெக்ஸாண்டர் பாலின் கீழ் தற்காலிக அரசுச் செயலாளராக வேலை பார்த்தார். அறிவிப்புகள், உத்தரவுகள், வரவுசெலவு, மனுக்கள். அபினியும் தனிமையும் அப்போதும் இருந்தன. நாட்குறிப்புகள் அந்த இரவுகளைச் சொல்கின்றன. பகலில் கோப்புகள் நகர்ந்தன. காலையில் ஒரு மேஜை, மேஜைக்கு எதிரே காத்திருக்கும் ஒருவன், மாலைக்குள் போக வேண்டிய ஒரு தாள் என்று இருந்தபோது, இச்சாசக்தி பிறழ்ந்த இந்த மனிதர் குமாஸ்தாவாக நின்றார். 'தி ஃப்ரெண்ட்' பாதியில் நின்ற இடம் அந்த அலெக்ஸாண்டர் பாலின் வாழ்க்கை என்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. தன்னை ஒழுங்காக வேலை செய்ய வைத்த ஒரே மேலதிகாரியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது, அப்படி ஒருவர் பக்கத்தில் இல்லாததால் நின்றுபோயிற்று.

5

உண்மையில் ஒருவர் இருந்தார். 'தி ஃப்ரெண்ட்' 27 இதழ்களும், நடுவில் ஒரு உபரி இதழும் வந்ததற்குக் காரணம் ஸாரா ஹட்சின்ஸன். வேர்ட்ஸ்வொர்த்தின் மனைவியின் தங்கை. கோல்ரிட்ஜ் சொல்லச் சொல்ல எழுதியவர். கையெழுத்துப் பிரதியின் பெரும்பகுதி அவர் கையெழுத்தில் இருக்கிறது. சில இதழ்கள் இரண்டே நாளில், திரும்பிப் பார்க்காமல், ஸாராவிடம் சொல்லி எழுதவைத்தவை என்று டோரதி வேர்ட்ஸ்வொர்த் 1810 பிப்ரவரியில் ஒரு கடிதத்தில் சொல்கிறார். மார்ச்சில் ஸாரா உடல் தளர்ந்து, வேல்ஸில் இருந்த சகோதரர் வீட்டுக்குப் புறப்பட்டுப் போனார். மார்ச் 15 இதழோடு பத்திரிகை நின்றது. அந்தக் கோடையில் அவரால் ஏதும் ஆகும் என்ற நம்பிக்கை அந்த வீட்டில் இல்லை.

சரித்திரம் ஸாராவைக் கோல்ரிட்ஜின் நிறைவேறாத காதலாக எழுதுகிறது. அது உண்மை, அதனால்தான் அவருடைய மற்ற வேலை கண்ணில் படாமல் போயிற்று. ஒரு பெண் காதலியாக இருந்தால் கவிதைக்குப் பொருள் ஆகிறாள். காகிதத்துக்கு எதிரே பேனாவோடு உட்கார்ந்தால் யாரும் இல்லாமல் ஆகிறாள். அறுநூறுக்கு மேற்பட்ட சந்தாதாரர்களில் பலர் பணம் தராமல் போனது எல்லா வாழ்க்கை வரலாறுகளிலும் இருக்கிறது. ஸாராவுக்குத் தரவேண்டியது எந்தக் கணக்கிலும் இல்லை.

நாம் எல்லோரும் போர்லாக்கிலிருந்து வந்த ஆளை அறிவோம். 'குப்ளா கான்' கவிதையைக் கனவிலிருந்து இறக்கி எழுதிக்கொண்டிருந்தபோது, போர்லாக் ஊரிலிருந்து யாரோ வேலையாக வந்து ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தார். திரும்பி வந்தபோது கனவு போய்விட்டது என்று 1816ல் அந்தக் கவிதையை வெளியிட்டபோது கோல்ரிட்ஜ் முன்னுரை எழுதினார். உலகம் முழுவதும் எழுத்தாளர்கள் இதை மேற்கோளாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் இது பிரியமான கதை. கதவைத் தட்டுபவன் சிருஷ்டியின் எதிரி. ஆனால் கோல்ரிட்ஜின் பக்கங்களைத் தேதிவாரியாக எண்ணிப் பார்த்தால் எதிர்மாறாக இருக்கிறது. அறையில் வேறொருவர் இருந்தபோதெல்லாம் பக்கங்கள் வந்திருக்கின்றன. 1815ல் கால்ன் என்ற ஊரில் ஜான் மார்கன் எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டதால் 'பயோகிராஃபியா லிட்டராரியா' வந்தது. நாம் வகுப்பெடுக்கும் கற்பனைக் கொள்கை அதன் 13ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. அந்த அத்தியாயமே பாதியில் நின்றது. நிறுத்தச் சொல்லி நண்பர் ஒருவர் எழுதியதாக அதில் ஒரு கடிதம் அச்சாகியிருக்கிறது. அதை எழுதியவரும் கோல்ரிட்ஜே. முடிக்காததற்குப் பொய்க் கடிதம் தயாரிக்கும் அந்தச் சாமர்த்தியம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் தயாரித்திருக்கிறேன்.

1816 ஏப்ரலில், அபினியைக் குறைப்பதற்காக ஒரு மாதம் தங்கலாம் என்று ஹைகேட்டில் ஜேம்ஸ் கில்மன் என்ற மருத்துவரின் வீட்டுக்குப் போனார். 1834ல் சாகும்வரை, பதினெட்டு வருஷம், அந்த வீட்டில்தான் இருந்தார். மனைவியும் குழந்தைகளும் கெஸ்விக்கில் ஸௌத்தியின் பராமரிப்பில் இருந்தார்கள். ஸௌத்தியை நாம் படிப்பதில்லை. கடிகாரம்போல் எழுதினார், குடும்பங்களைக் காப்பாற்றினார், அரசவைக் கவிஞர் ஆனார். நம் பார்வையில் அவர் ஸ்தாபனம். சந்தேகமில்லாமல் நாம் கோல்ரிட்ஜின் கட்சி. ஆனால் கோல்ரிட்ஜின் பெண் ஸாராவுக்கு, அப்பாவின் புத்தகங்களைப் பிற்பாடு பதிப்பித்த அந்தப் பெண்ணுக்கு, சோறு போட்டுப் படிக்கவைத்தது ஸௌத்தியின் கடிகாரம்.

அவர் இறந்த பிறகும் இந்த ஏற்பாடு நிற்கவில்லை. பேச்சை மருமகன் தொகுத்து 1835ல் வெளியிட்டார். நாட்குறிப்புகளைக் காத்லீன் கோபர்ன் என்ற கனடிய ஆசிரியை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்; 1957ல் தொடங்கிய அந்தப் பதிப்பு, அவர் 1991ல் இறந்த பிறகு, 2002ல் நிறைவடைந்தது. கோல்ரிட்ஜ் வருஷக்கணக்காக வாக்களித்துவந்த மகத்தான தத்துவ நூலின் மிச்சங்களும் 2002ல்தான் அச்சாயின. ஒரு மனிதன் முடிக்காமல் விட்டதை முடிக்க இருநூறு வருஷம் ஆள் வேண்டியிருந்திருக்கிறது.

6

இந்த நூற்றாண்டுக்குக் கோளாறு எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1902ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 43 குழந்தைகளை வைத்து மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவு குறையாத, ஆனால் தன்னைக் கட்டுப்படுத்த முடியாத குழந்தைகள். அவர் அதற்கு வைத்த பெயர் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை. உடற்காரணம் தேடியவரின் வாயிலும் ஒழுக்கம் என்ற சொல்தான் வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1968ல் இது குழந்தைகளின் நோய். 1980ல் கவனம் என்பது பெயரில் ஏறி, வளர்ந்தவர்களுக்கு 'எச்சம்' என்று ஒரு வகை கிடைத்தது. 1987ல் இன்றைய பெயர். வளர்ந்தவர்களிடம் இது தொடர்கிறது என்பதை யூட்டாவில் பால் வெண்டரும் சகாக்களும் 1976லேயே எழுதியிருந்தார்கள். 2013 கையேடுதான் வளர்ந்தவர்களுக்கான அளவுகோலைத் தெளிவாகத் தனியே சொன்னது. ரஸ்ஸல் பார்க்லி 1997ல் எழுதிய புத்தகத்தில், கோளாறின் மையத்தைக் கவனத்திலிருந்து நகர்த்தித் தன்னடக்கத்திலும் காலத்திலும் வைத்தார். எனக்கு இதுதான் அனுபவத்துக்கு அருகில் வருகிறது. மார்ச் 15 என்பது எனக்கு மார்ச் 14 இரவுதான் ஒரு தேதி ஆகிறது. அதற்கு முன் அது ஒரு அபிப்பிராயம்.

மாத்திரை உண்டு. 1944ல் ஸ்விட்ஸர்லாந்தின் ஸீபா கம்பெனியில் லியாண்ட்ரோ பனிஸோன் என்ற ரசாயனர் மெத்தில்ஃபெனிடேட்டைத் தயாரித்தார். மனைவியின் செல்லப் பெயர் ரீட்டா; மருந்துக்கு ரிட்டாலின் என்று பெயர் வைத்தார். நானும் அந்த ரசாயனத்தைச் சாப்பிடுகிறேன். நாய் குரைப்பது கொஞ்சம் தூரம் போகிறது. ஆனால் எந்த வேலையை எடுப்பது, எதை விடுவது, யாருக்கு என்ன தேதி சொன்னேன் என்பதை மாத்திரை சொல்வதில்லை. அதற்கு ஏற்பாடு வேண்டும்.

என் பத்திரிகையின் ஏற்பாட்டை இப்போது சொல்ல வேண்டும். என் அக்கா பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். அத்திம்பேர் போன பிறகு என்னோடு இருந்தாள். சந்தாக் கணக்கை ஒரு நீள நோட்டில் எழுதுவாள். விலாசம் எழுதுவது, தபால்தலை ஒட்டுவது, வந்த கையெழுத்துப் பிரதிகளைக் கட்டிவைப்பது அவள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, "எழுதுடா, நான் இருக்கேன்" என்பாள். அவள் பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். ஒன்பது தலையங்கங்களும் அப்படி எழுதியவை. 2008ல் பேத்தி பிறந்தது என்று கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போனாள். பத்தாவது இதழ் வரவில்லை. அச்சுக்கூலி ஏற்றம், சூழல் வறட்சி, நண்பர்களின் அசிரத்தை என்று நான் பல காரணங்கள் சொன்னேன். ஒரு கூட்டத்தில் அரைமணி நேரம் சூழல் வறட்சி பற்றிப் பேசினேன்.

அந்தப் பத்தாவது இதழுக்காக ஒரு மூத்த கவிஞர் நாற்பது கவிதைகள் கொண்ட கையெழுத்துப் பிரதியைக் கொடுத்திருந்தார். அவரிடம் வேறு நகல் இல்லை. அடுத்த இதழில் என்றேன். ஒன்றரை வருஷம் கழித்து அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பிரதியைத் திருப்பி அனுப்பவும் என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. கோபம்கூட இல்லை. பிரதியைத் தேடினேன், கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று எழுத வெட்கமாக இருந்ததால் பதில் போடவில்லை. அவர் ஞாபகத்திலிருந்து முப்பத்தோரு கவிதைகளை மீட்டெழுதிச் சொந்தச் செலவில் புத்தகம் போட்டதாகக் கேள்விப்பட்டேன். 2011ல் அக்கா ஊருக்கு வந்திருந்தபோது பழைய மின்சார ரசீதுக் கட்டுக்குள்ளிருந்து பிரதியை எடுத்துக் கொடுத்தாள். ஒன்பது கவிதைகள் அவருடைய புத்தகத்தில் இல்லாதவை. நேரில் போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், காப்பி கொடுத்தார், கவிதையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

கோளாறுக்குப் பெயர் இருப்பதால் அந்த ஒன்பது கவிதைகளின் மூன்று வருஷம் திரும்பி வராது. பெயர் எனக்குச் செய்த உதவி வேறு. நான் சோம்பேறி, பொறுப்பில்லாதவன் என்று என்னைத் திட்டிக்கொள்வதை நிறுத்த முடிந்தது. திட்டிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. ஒருமுறை திட்டிக்கொண்டால் கடன் அடைந்ததுபோல் தோன்றும். அது நின்றதும் கடன் அப்படியே தெரிந்தது.

இப்போது நான் பத்திரிகை ஆசிரியன் இல்லை. ஒரு சின்னப் பதிப்பு முயற்சியில் மூவரில் ஒருவன். எந்தப் புத்தகம், ஏன் என்று பேசும் கூட்டத்தில் நான் இருப்பேன். தேதி சொல்லும் உரிமை எனக்கு இல்லை. எழுத்தாளரிடம் போனில் "சரி, போட்டுடலாம்" என்று சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம். இரண்டு முறை மீறினேன். இரண்டு முறையும் மற்ற இருவரும் அந்த எழுத்தாளரைக் கூப்பிட்டு, என் எதிரிலேயே, வாக்கைத் திரும்ப வாங்கினார்கள். அவமானமாகத்தான் இருந்தது. கையெழுத்துப் பிரதி வந்த அன்றே நகல் எடுக்காமல் என் கைக்கு வராது. சனிக்கிழமை நான்கு மணியிலிருந்து ஏழு மணிவரை ஒரு நண்பர் வந்து எதிரே உட்கார்ந்து அவர் வேலையைப் பார்க்கிறார். நான் என் வேலையைப் பார்க்கிறேன். பேச்சில்லை. இந்தக் கட்டுரை அப்படி ஐந்து சனிக்கிழமைகளில் எழுதியது. அந்த நேரத்துக்கு ஈடாக அவருடைய வரிக் கணக்குகளைப் பார்த்துக்கொடுப்பதாக முதலில் சொன்னேன். அவர் பயந்துபோய் வேண்டாம் என்றார். கடைசியில் அவர் மகளுக்கு ஞாயிறு காலை தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அவள் வந்து கதவைத் தட்டுவதால் அந்த வகுப்பு தவறுவதில்லை.

கோல்ரிட்ஜ் 1818ல் 'தி ஃப்ரெண்ட்' இதழ்களைத் திருத்தி மூன்று பாகங்களாக வெளியிட்டார். புத்தகம் கில்மன் தம்பதிக்குச் சமர்ப்பணம். நியாயம்தான், அப்போது எதிரே இருந்தவர்கள் அவர்கள். அந்தச் சமர்ப்பணத்தில் ஸாரா ஹட்சின்ஸனின் பெயர் இல்லை.

இதை எழுதத் தொடங்கியபோது, அக்காவின் பெயரை இதிலாவது அச்சிட வேண்டும் என்று நினைத்தேன். ஒன்பது இதழ்களில் ஒன்றிலும் நான் போட்டதில்லை. போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பத்திரிகையே நின்னு போச்சு, இப்போ பேர் எதுக்குடா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.